எம் போட்ட டிரைவரும் ஜெயமணி டீவியும்

கம்ப்யூட்டர் திருத்துகிற கடையில் வேலை என்றால், சாமானைத் திறப்பதற்கு முன்னால் சாமான்காரர் சொல்கிற கதையைத் திறந்து பார்க்க வேண்டிய வேலை. நீங்களும் இப்படி ஒரு மேசைக்குப் பின்னால் நின்றவராக இருந்தால் தலையை ஆட்டிக்கொண்டு படியுங்கள். இல்லாதவர்கள் எங்கள்மேல் கொஞ்சம் இரக்கப்பட்டுக்கொண்டு படியுங்கள்.

நான் வினோ. ஓ.எல். எழுதியதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். சோகக் கதை ஒன்றும் இல்லை. "ஏன்?" என்று கேட்டால் "அது பரீட்சைக்கு வராது" என்று பதில் சொல்கிற இடத்தில் எனக்குப் பொறுமை இல்லை, அவ்வளவுதான். ராகலை டவுனில் ரிஸ்வான் நானாவின் கடையில் சேர்ந்தேன். எனக்கு மேலே சுதன் அண்ணா. யாழ்ப்பாணத்துக்காரர். அவரிடம் "ஏன்?" என்று ஒரு தடவை கேட்டால் தேத்தண்ணி ஆறிப்போகும் வரைக்கும் பதில் சொல்வார். அதுவும் ஒரு கஷ்டம்தான்.

கீழே வருகிறதெல்லாம் ஒரே வேலையில் நடந்தவை. எங்கள் தேயிலைத் தோட்டத்து மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கிற கொட்டகையில், கரண்டில் ஓடுகிற புதுத் தராசு வைத்தார்கள். அதன் முகம் கணக்கப்பிள்ளை பக்கம். அவர் வாசித்துச் சொல்வதுதான் எடை. எங்கள் அம்மா ஜெயமணிக்கு அங்கேதான் கொழுந்து எடுக்கிற வேலை. அவர் ஒருநாள் கூட்டத்தில் எழும்பி, "எங்க கொழுந்து எத்தன கிலோன்னு எங்க கண்ணுக்கும் தெரியணும் தொர" என்று சொல்லிவிட்டார். தொரை, அதுதான் தோட்டத்து மேனேஜர், யோசித்துவிட்டுச் சரி என்றார். தராசிலிருந்து ஒரு கேபிள், உள்ளங்கை அளவில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர், பெண்கள் நிற்கிற பக்கச் சுவரில் ஒரு திரை. மாதக் கடைசிக்குள் ஒழுங்காக ஓடினால் இருக்கும். இல்லையென்றால் கழற்றிவிட்டுப் பழையபடிதான். வேலை எங்கள் கடைக்கு வந்தது. திரை ஓடுவதற்கு முன்னாலேயே லயத்தில், அதாவது நாங்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளில், அதற்கு "ஜெயமணி டீவி" என்று பேர் வைத்துவிட்டார்கள். ஓடாவிட்டால் யாரைச் சொல்லிச் சிரிப்பார்கள் என்று உங்களுக்கே விளங்கும்.

டிரைவர் இல்லை

முதல் நாள் எல்லாவற்றையும் பூட்டி முடித்து சுவிட்சைப் போட்டோம். திரை எரிந்தது, எடை வரவில்லை. சுதன் அண்ணா குனிந்து பார்த்துவிட்டு, "இந்தக் கேபிளுக்கு டிரைவர் இல்லை" என்றார். வெளியே மழை. கொழுந்துச் சாக்கோடு பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். கணக்கப்பிள்ளைக்குக் கேட்கட்டும் என்று கொட்டகையின் மறுமுனையிலிருந்தே கத்தினேன்: "ஐயா, டிரைவர் இல்லையாம்! இன்னைக்கு டீவி ஓடாது!"

"டிரைவர் இல்லை" மட்டும்தான் வரிசைக்குக் கேட்டது. கொழுந்து லொறிக்கு டிரைவர் வரவில்லை என்று எடுத்துக்கொண்டார்கள். லொறி வராமல் எதற்கு நிறுக்க, எதற்கு நனைய? சாக்கை இறக்கிவைத்துவிட்டுப் பாதிப் பேர் லயத்துக்குப் போய்விட்டார்கள். கணக்கப்பிள்ளை பதறிப்போய் ஃபேக்டரிக்குப் போன் போட்டு வேறு டிரைவர் கேட்டார். அந்த நேரம் பார்த்து லொறி வந்து நின்றது. டிரைவர் இறங்கினார். எல்லாரும் பேயைப் பார்த்த மாதிரி அவரைப் பார்த்தார்கள். நான்தான் முன்னால் போய், டிரைவர் என்று நான் சொன்னது ஆளை இல்லை, கேபிள் பேசுகிற பாஷையைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்கிற ஒரு புரோகிராம் என்று விளக்கினேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "நான் லொறிய ஓட்டுறேன், அவரு கேபிள ஓட்டுறாரு. சரி, அவருக்கு லைசன் இருக்கான்னு பாத்தியா புள்ள?"

செக்ரோலும் கைக்காசும்

லைசன் இருக்கிறது! அதுதான் வேடிக்கை. ஒவ்வொரு டிரைவரும் தான் எந்த லைசனில் எழுதப்பட்டது என்று தன் உள்ளேயே சொல்லிவைத்திருக்கும் என்று அடுத்த நாள் சுதன் அண்ணா காட்டினார். எனக்கு அன்றைக்குப் பொழுது போனதே தெரியவில்லை. கம்ப்யூட்டரில் முதலில் எழும்பி, மற்ற எல்லாவற்றையும் வேலை வாங்குகிற புரோகிராமுக்குப் பேர் கர்னல். எங்கள் குட்டிக் கம்ப்யூட்டரோடு வந்த கர்னலைச் செய்தவர்கள் இப்படி ஒரு தராசுக் கேபிளை நினைத்தே பார்க்கவில்லை. ஆகவே கர்னலை நாங்களே மறுபடி கட்டவேண்டும். அதற்கு ஒரு பட்டியல் திறக்கும். அம்மாடி, அந்தப் பட்டியல்! பிறந்ததிலிருந்து கண்ணில் படாத சாமானுக்கெல்லாம் டிரைவர். கம்பெனியே மூடிப்போன சாமானுக்கும் டிரைவர். யாரோ ஒருவர் எங்கேயோ உட்கார்ந்து அதையும் எழுதியிருக்கிறார். நுவரெலியா டவுனில் ஒன்றும் வாங்காமல் கடை கடையாகப் பார்த்துக்கொண்டு நடக்கிற மாதிரி நான் அதில் இறங்கிக்கொண்டே போனேன்.

ஒவ்வொரு பேருக்குப் பக்கத்திலும் ஒரு கட்டம். நட்சத்திரம் போட்டால் அந்த டிரைவர் கர்னலோடு சேர்ந்தே கட்டப்படும், எப்போதும் உள்ளே இருக்கும். எம் என்ற எழுத்தைப் போட்டால் தனிக் கோப்பாக வெளியே கிடக்கும், தேவைப்படும்போது கூப்பிட்டுக்கொள்ளலாம், வேலை முடிந்தால் அனுப்பிவிடலாம். வெறுமையாக விட்டால் கிடையாது. "எல்லாத்தையும் உள்ளயே வெச்சா என்ன?" என்று கேட்டேன். "நினைவகத்திலை இடம் வேணுமெல்லே" என்று ஆரம்பித்து அவர் நெடுக இழுத்தார். நான் இடையில் வெட்டினேன். "அண்ணே, போதும். நட்சத்திரம்னா செக்ரோல்ல பேர் பதிஞ்ச ஆளு. மத்தது கைக்காசு ஆளு, கொழுந்து கூடுன அன்னைக்கு மட்டும் கூப்பிடுறது." சுதன் அண்ணாவுக்குத் தோட்டத்து வார்த்தை தெரியாது. ஆனாலும் சிரித்துவிட்டு, சரிதான் என்றார். மேசைக்கு அந்தப் பக்கம் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த ரிஸ்வான் நானாவுக்குத்தான் சந்தேகம் வந்தது: "சுதன் பேர் பதிஞ்ச ஆளு, நீ கைக்காசு. அப்ப கடையத் தொறந்து வெச்ச நான் மட்டும் வெறும் கட்டமா?"

எம் என்றால் மஸ்டர்

சுதன் அண்ணா ஒரு வேலையாக நுவரெலியாவுக்குப் போனார். பட்டியலின் மீதியை நீயே பார் என்று சொல்லிவிட்டுப் போனார். பட்டியல் பெரிது, இறங்க இறங்கக் கண் சொக்கியது. பாதி தூரம் போனதும் எம் எது, நட்சத்திரம் எது என்பது எனக்குத் தலைகீழாகிவிட்டது. அதற்குக் காரணம் எங்கள் பெரட்டுக்களம். காலையில் ஆள் கணக்கெடுத்து மலைக்குப் பிரித்து அனுப்புகிற இடம் அது. அங்கே கொட்டகைச் சுவரில் 'மஸ்டர்' என்று இங்கிலீசில் பெரிதாக எழுதியிருக்கும். மழையில் மற்ற எழுத்தெல்லாம் போய், எம் மட்டும் மிச்சம். சின்னதிலிருந்து நான் பார்த்த எம் அது ஒன்றுதான். எம் என்றால் விடியக்காலையில் கட்டாயம் வந்து நிற்க வேண்டிய ஆள் என்று என் மூளை முடிவெடுத்துவிட்டது. மெமரி கார்டை வாசிக்கிற டிரைவர் கண்ணில் பட்டது. மொத்தக் கம்ப்யூட்டரும் கிடப்பது அந்தக் கார்டில்தான். இதைவிட முக்கியமான ஆள் யார்? எம் போட்டேன்.

கர்னல் எழும்பியது. வரிசை வரிசையாக என்னவோ சொல்லிக்கொண்டே வந்து, கார்டுக்காகக் காத்திருக்கிறேன் என்று ஒரு வரி எழுதிவிட்டு நின்றது. நானும் காத்திருந்தேன். தேத்தண்ணி குடித்தேன். அதுவும் காத்திருந்தது. கார்டு உள்ளேதான் இருக்கிறது, தொட்டுப் பார்த்தேன். எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது: இந்தக் கர்னலே அதே கார்டிலிருந்துதானே வந்தது? பிறகு எப்படிக் கார்டைத் தெரியவில்லை என்கிறது? சுதன் அண்ணா திரும்பி வந்ததும் அதைத்தான் முதலில் கேட்டேன். கர்னலைத் தூக்கிக்கொண்டு வந்து விடுகிறது வேறொரு குட்டிப் புரோகிராமாம். விட்டதும் அது போய்விடும். அதற்குப் பிறகு கர்னல் தன் சொந்தக் கண்ணால் பார்க்க வேண்டும். அந்தக் கண்ணை நான் எம் போட்டுக் கார்டுக்குள்ளேயே வைத்துவிட்டேன். மஸ்டர் கதையையும் சொன்னேன். அவர் பையைக்கூட இறக்கிவைக்காமல் சொன்னார்: "திறப்பை அறைக்குள்ளை வைச்சுப் பூட்டிப்போட்டு, திறப்பெடுக்கக் கதவைத் தட்டிக்கொண்டு நிக்கிறீர் பிள்ளை."

ஆள் நல்ல ஆள்

மறுபடி கட்ட நேரமெடுக்கும். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது என்று முன்னாலேயே சொன்னேன். கடை மூலையில் வேறொரு குட்டிக் கம்ப்யூட்டர் கிடந்தது, அதில் நம் கேபிளுக்கான டிரைவர் தனிக் கோப்பாக இருந்தது. அதே பேர். அதே வேலை. எடுத்து இதில் போட்டேன். வடிவம் பொருந்தவில்லை என்று ஒரே வரியில் துப்பிவிட்டது. ஏன்? அது வேறொரு கர்னலுக்கென்று கட்டப்பட்ட டிரைவர். கர்னலின் பதிப்பு மாறினால் உள்ளே சாமான் இருக்கிற இடமெல்லாம் மாறியிருக்கும். பழைய வீட்டு ஞாபகத்தில் புது வீட்டில் இருட்டுக்குள் நடந்தால் எதிலாவது மோதும்தானே, அதனால் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

இதை வீட்டில் சொன்னேன். அம்மா ரொட்டி தட்டிக்கொண்டே கேட்டார். அன்றைக்கும் மலையில் யாரோ, "ஜெயமணி, ஒன் டீவில இன்னைக்கு என்ன படம்?" என்று கேட்டிருக்கிறார்கள். அம்மா எனக்குச் சொல்லாமல் மறைக்கவில்லை, சொல்லிக்காட்டவும் இல்லை. ரொட்டியைத் திருப்பிப் போட்டுவிட்டு இதை மட்டும் கேட்டார்: "ஆளு நல்ல ஆளு, வேலையும் தெரியும், ஜாதகம்தான் பொருந்தல. நாளைக்கு மலையில கேட்டா இதையே போய்ச் சொல்லவாடி?"

எல்லாவற்றையும் உள்ளே போட்டபோது

கோபம் வந்துவிட்டது. எம்முமில்லை, கூப்பிடுவதுமில்லை, பொருந்தாமல் போவதுமில்லை; கண்ணில் பட்டதற்கெல்லாம் நட்சத்திரம் போட்டேன். ஒரு த்ரீவீல்காரர், சிங்களவர், தன் மகளின் லேப்டாப் திருத்தக் கொண்டுவந்து என் எதிரே உட்கார்ந்திருந்தார். மேசையில் என் கர்னல் கட்டப்படுகிறது. எழுத்து எழுத்தாகத் திரையில் ஓடுகிறது. ஒரு மனுசன் பொழுதுபோக்காக அதை எவ்வளவு நேரம் பார்ப்பார்? பார்த்தார். சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டும் பார்த்தார். ஒருவழியாகக் கட்டி முடிந்தால், கார்டில் கர்னலுக்கென்று ஒதுக்கின சின்ன இடத்துக்குள் அது அடங்கவில்லை. மறுபடியும் முதலிலிருந்து.

சுதன் அண்ணாவுக்கும் எனக்கும் சண்டை. கார்டு டிரைவர் உள்ளே, தராசுக் கேபிள் டிரைவர் உள்ளே; அதுவரை இரண்டு பேருக்கும் சம்மதம். மற்றக் கம்பெனிக் கேபிள்களின் டிரைவர்களையும் எம் போட்டு வைக்க வேண்டும் என்று அவர் நின்றார். "மடுவத்துல இருக்கிறது ஒரே கேபிளு. மத்தவன் எதுக்கு சும்மா?" என்று நான் நின்றேன். "கேபிள் எண்டால் அறும்" என்றார் அவர். கர்னல் கட்டுவதைவிட அவருடைய விளக்கம் நீளும் என்று தெரிந்ததால் விட்டுக்கொடுத்தேன். சொன்ன நியாயம் புரிந்து இல்லை. இரண்டாவது தடவையும் எழுத்து ஓடத் தொடங்கியதும் த்ரீவீல்காரர் நாற்காலியை இன்னும் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அப்படி என்னதான் சமைக்கிறாய் என்று சிங்களத்தில் கேட்டார்: "மொனவத நங்கி உயன்னே?"

மாதக் கடைசி

அந்தக் கர்னல் வேலை செய்தது. கரண்ட் போய் வந்தாலும் தானே எழும்பி எடையைக் காட்டியது. பெண்கள் சாக்கை மாட்டிவிட்டுத் தலையை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பப் பழகிவிட்டார்கள். "இன்னைக்கு என்ன படம்" கேட்ட வாயெல்லாம் அடங்கிவிட்டது. இதுதான் நல்லது என்று நான் கடையில் வேறு வேலைக்குப் போயிருக்க வேண்டியது. ஆனால் தொரை நேரில் பார்த்து முடிவு சொல்ல வருகிற நாள் அது. நானும் மடுவத்தில் நின்றேன்.

தொரை வந்தார். பனி இறங்கி எதிர் மலை தெரியவில்லை. அம்மாவுக்கு முன்னால் நின்ற அக்கா சாக்கைக் கழற்றும்போது தராசின் கொக்கி ஆடி, கேபிளில் மாட்டி, ஒரே இழுப்பு. கேபிள் நடுவில் அறுந்து தொங்கியது. திரையில் எடை போன இடம் தெரியவில்லை. கணக்கப்பிள்ளை சும்மா சொல்லக்கூடாது, நல்ல மனுசன்தான், ஆனால் அவருக்கும் வேலை முடியவேண்டுமே. புதுத் தராசின் முகத்தைத் தன் பக்கம் சரியாகத் திருப்பிவைத்துக்கொண்டு, "பழையபடி நான் வாசிக்கிறேன் தொர, நேரமாகுது" என்றார். தொரை மணிக்கூட்டைப் பார்த்தார். நான் நானாவுக்குப் போன் போட்டேன். "வேற கேபிள் இருக்கா?" இருந்தது ஒன்றே ஒன்றுதான், வேறு கம்பெனி. "எதுவா இருந்தாலும் கொண்டாங்க" என்றேன். அடுத்த முறை அம்மாவுடையது. அம்மா சாக்கைத் தராசில் மாட்டவில்லை. தோளை விட்டு இறக்கவும் இல்லை. "எனக்கு அவசரமில்ல தொர, நிக்கிறேன்" என்று சொன்னார். அவருக்குப் பின்னால் நின்ற பெண்களும் சாக்கை இறக்கவில்லை. யாராவது ஒருத்தர் சாக்கை மாட்டியிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும்.

நானா த்ரீவீலில் வந்து இறங்கினார். கேபிளைத் தராசிலும் கம்ப்யூட்டரிலும் குத்தினேன். உண்மையைச் சொன்னால் எனக்கு ஒன்றும் நிச்சயமில்லை. உள்ளே கட்டின டிரைவர் பழைய கேபிளுக்கு. இந்தக் கேபிளின் ஆள் வெளியே, எம் போட்ட கூட்டத்தில். கர்னல் கேபிளிடம் நீ யார் என்று கேட்கும், பதிலைப் பார்த்து அதற்கு ஏற்ற ஆளைத் தேடிக் கூப்பிடும் என்று சுதன் அண்ணா சொல்லியிருந்தார். காதால் கேட்டதற்கும் அதைத் தொரை பார்த்துக்கொண்டு நிற்கும்போது நம்புவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. நான் எதையும் அணைத்துப் போடவில்லை, ஒரு பொத்தானையும் தொடவில்லை. திரையில் சைபர் வந்தது. அம்மா சாக்கை மாட்டினார். சைபர் ஏறியது. ஏறி நின்றதும், கணக்கப்பிள்ளை குனிந்து வாசிப்பதற்குள், வரிசையில் நின்ற அத்தனை பேரும் ஒரே சத்தமாக எடையைப் படித்தார்கள். அடுத்த சாக்குக்கும் படித்தார்கள். அதற்கடுத்ததற்கும். தொரைக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி, அது இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

கணக்கப்பிள்ளை இரண்டு மூன்று தடவை வாயைத் திறந்து பார்த்தார். ஒவ்வொரு தடவையும் பெண்கள் முந்திக்கொண்டார்கள். கடைசியில் பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு, கோபமில்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற மாதிரி கேட்டார்: "அப்ப இனி நான் எதுக்கு ஜெயமணி இங்க நிக்கிறது?"

அம்மா காலிச் சாக்கை உதறி மடித்துக்கொண்டே சொன்னார்: "அதுக்கென்னங்கய்யா, கூப்பிடும்போது வாங்களேன்."

இந்தத் தொழிலில் நான் கண்டது இவ்வளவுதான்: மெசின் வாய் திறக்காவிட்டால் நம்மைத் திட்டுவார்கள், திறந்துவிட்டால் நாம் அங்கே நிற்பதே யாருக்கும் தெரியாது.